நேத்து வரைக்கும் நல்லா ஓடின கம்ப்யூட்டர் இன்னைக்கு ஏன் நிக்குது? ரேம் திடீர்னு பழுதாவது ஏன்? முழு விளக்கம்

கம்ப்யூட்டரை யாரும் கீழே போடலை. தண்ணீர் படலை. புதுசா எந்த சாஃப்ட்வேரும் ஏத்தலை. ஆனாலும் காலையில் ஆன் செய்தால் ஸ்கிரீன் கறுப்பாகவே நிற்கிறது. இல்லைன்னா நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், "ரேம் போயிடுச்சு சார், மாத்தணும்" என்ற ஒரே வரியில் பதில் வருகிறது.

ரேம் என்பது சுழலும் பாகமோ, தேயும் பாகமோ இல்லாத ஒரு சின்ன பச்சைப் பலகை. ஃபேன் மாதிரி ஓடுவதில்லை, ஹார்டு டிஸ்க் மாதிரி சுற்றுவதும் இல்லை. அப்புறம் எப்படி திடீர்னு கெட்டுப்போகிறது?

இந்தக் கேள்விக்கு இப்போது பணமும் சேர்ந்திருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக வாங்கிக் குவிப்பதால் 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் இருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த தனது 'குரூஷியல்' பிராண்டில் இருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே 'எதுக்கும் ஒரு ரேம் மாத்திப் பார்ப்போம்' என்று சொல்லக்கூடிய காலம் போய்விட்டது. உண்மையிலேயே ரேம்தான் பிரச்சினையா என்று தெரிந்துகொண்டு செலவு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

கல்வெட்டும் ரேமும்: என்ன வித்தியாசம்?

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே இருக்கிறது பெருமுக்கல். அங்குள்ள மலைமேல் சிவன் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதே மலையில், எழுத்து வழக்கத்துக்கு வருவதற்கு முன்பே மனிதர்கள் பாறையில் கீறி வைத்த கோட்டுருவங்களும் உள்ளன. ஒருமுறை வெட்டினார்கள், அவ்வளவுதான். வெயில், மழை எல்லாவற்றையும் தாண்டி இன்றைக்கும் நிற்கிறது.

ரேம் இதற்கு நேர் எதிர். அதில் எழுதியதை யாராவது திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி விட்டாலும் அழிய ஆரம்பித்துவிடும்.

காரணம் அதன் அமைப்பு. ரேமில் ஒவ்வொரு தகவல் துணுக்கும், அதாவது ஒவ்வொரு 'பிட்'டும், ஒரு குட்டி மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. அதற்கு வாசல் கதவு மாதிரி ஒரு டிரான்சிஸ்டர். மின்தேக்கியில் மின்சாரம் இருந்தால் 1, இல்லை என்றால் 0. இந்த ஐடியாவைக் கொடுத்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட். 1968-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் இன்டெல் வெளியிட்ட '1103' என்ற மெமரி சிப் சந்தையைப் பிடித்தது. இன்று நம் கம்ப்யூட்டர், லேப்டாப், மொபைல் எல்லாவற்றிலும் இருப்பது அதே குடும்பத்தைச் சேர்ந்த 'டிரேம்' மெமரிதான்.

ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது மாதிரி

இந்தக் குட்டி மின்தேக்கியை ஓட்டை வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பி வைத்தாலும் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். முழுசா வடிவதற்குள் மீண்டும் நிரப்பிவிட வேண்டும்.

அதனால்தான் கம்ப்யூட்டர் தன் ரேமில் உள்ள ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி நொடிகளுக்குள் ஒருமுறை படித்து மறுபடியும் எழுதுகிறது. அதாவது நொடிக்குச் சுமார் 15 முறை. புதிய டிடிஆர்5 ரகத்தில் இந்த இடைவெளி 32 மில்லி நொடிதான். சிப்பின் வெப்பநிலை 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இன்னும் இரண்டு மடங்கு வேகமாகப் புதுப்பிக்க வேண்டும். ஏனென்றால் சூடு ஏற ஏற வாளியின் ஓட்டை பெரிசாகிறது.

எத்தனை வாளிகள் தெரியுமா? ஒரு 8 ஜிபி ரேமில் சுமார் 6,870 கோடி பிட்கள். ஒவ்வொன்றிலும் நிற்பது சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள் மட்டுமே. இத்தனை கோடியில் ஒரே ஒரு வாளியின் ஓட்டை கொஞ்சம் பெரிசானால்கூட, உங்கள் கம்ப்யூட்டர் நடுவழியில் நின்றுவிடலாம்.

ரேம் பழுது இரண்டு வகை

முதல் வகை, தற்காலிகப் பிழை. ரேம் நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் ஒரு பிட் மட்டும் 1-ல் இருந்து 0 ஆகவோ, 0-ல் இருந்து 1 ஆகவோ புரண்டுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வகை, நிரந்தரப் பழுது. சிப்பின் ஒரு பகுதியோ, அதை இணைக்கும் ஈயப் பற்றோ, தொடுமுனையோ உண்மையிலேயே கெட்டுவிட்டது. இது ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும்.

கடையில் 'ரேம் போயிடுச்சு' என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாவது வகையை. ஆனால் உலகச் செய்திகளில் அடிபட்டது முதல் வகை.

வானத்தில் இருந்து வரும் வில்லன்

2025 அக்டோபர் 30-ம் தேதி மெக்சிகோவின் கேன்கூன் நகரில் இருந்து அமெரிக்காவின் நியூவார்க் நோக்கிப் பறந்த ஜெட்புளூ நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம், விமானிகள் எதுவும் செய்யாமலேயே திடீரெனக் கீழ்நோக்கி இறங்கியது. பயணிகள் சிலர் காயமடைந்தனர். விமானம் டாம்பா நகரில் அவசரமாகத் தரையிறக்கப்பட்டது.

இதை ஆராய்ந்த ஏர்பஸ் நிறுவனம், தீவிரமான சூரியக் கதிர்வீச்சு விமானக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரின் முக்கியமான தரவுகளைச் சிதைத்துவிடக்கூடும் என்று 2025 நவம்பர் 28 அன்று அறிவித்தது. உலகம் முழுக்கச் சுமார் 6,000 விமானங்களில் மாற்றம் செய்ய வேண்டிவந்தது. இந்தியாவிலும் இண்டிகோ, ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகியவற்றின் முந்நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் பட்டியலில் வந்தன. பெரும்பாலான விமானங்களில் பழைய மென்பொருளுக்குத் திரும்பியதே தீர்வாக அமைந்தது.

இது முதல்முறை அல்ல. 2003 மே மாதம் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில், தலைநகர் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு வாக்குப்பதிவில் 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. அவருக்கு விழக்கூடிய வாக்குகளைவிட அதிகமாக இருந்ததால்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. மென்பொருளில் தவறு எதுவும் கிடைக்கவில்லை. 4,096 என்பது கம்ப்யூட்டர் கணக்கில் 2-ன் 12-வது அடுக்கு. அதாவது, ஒரே ஒரு பிட் புரண்டால் சரியாக இந்த எண்ணிக்கைதான் கூடும். விண்வெளியில் இருந்து வந்த ஒரு துகள் மெமரியில் மோதியிருக்கலாம் என்பதே இன்றுவரை சொல்லப்படும் விளக்கம். உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

வில்லன் எப்போதும் வானத்தில் இருந்துதான் வருவான் என்றும் இல்லை. 1970-களின் கடைசியில் இன்டெல் சிப்களில் காரணமில்லாத பிழைகள் வந்தன. அந்த நிறுவனத்தின் திமோதி மே, முர்ரே வுட்ஸ் என்ற இருவர் துருவிப் பார்த்ததில், சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையிலேயே மிக நுண்ணிய அளவில் கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது தெரியவந்தது. அதில் இருந்து வெளிவந்த ஆல்ஃபா துகள்கள்தான் பிட்களைப் புரட்டியிருக்கின்றன. அதன் பிறகே சிப் தயாரிப்பில் உறைப் பொருளின் தூய்மையைக் கண்டிப்பாகப் பார்க்கும் வழக்கம் வந்தது.

அப்போ நம்ம ஊர் ரேமையும் காஸ்மிக் கதிர்தான் கெடுக்குதா?

இல்லை. இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது.

காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் துகள்கள் உயரம் போகப் போக அதிகமாகும். விமானம் பறக்கும் உயரத்தில் அவை தரைமட்டத்தைவிட சில நூறு மடங்கு அதிகம். திண்டிவனம், மரக்காணம் பகுதியோ கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே உள்ள காற்று மண்டலம் முழுவதும் நமக்குக் கவசம்.

இரண்டாவது கவசம் பூமியின் காந்தப்புலம். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் இந்தியாவின் முதல் ராக்கெட்டை ஏவ திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் காரணம். இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், வெளியில் இருந்து வரும் குறைந்த ஆற்றல் துகள்களைக் காந்தப்புலம் திருப்பி அனுப்பிவிடும். மிக அதிக ஆற்றல் உள்ளவை மட்டுமே உள்ளே வர முடியும். இந்தத் துகள்களை அளக்கவே ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 'கிரேப்ஸ்-3' என்ற பெரிய ஆய்வுக்கூடத்தை நடத்திவருகிறது.

சுருக்கமாகச் சொன்னால், காஸ்மிக் கதிர் விஷயத்தில் உலகத்திலேயே பாதுகாப்பான பகுதிகளில் நம்முடையதும் ஒன்று. எனவே 'வானத்துல இருந்து ஏதோ வந்து ரேமை அடிச்சிடுச்சு' என்பது நம்ம ஊர்க் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இங்கே காரணங்கள் வேறு, எல்லாமே தரையில் இருப்பவை.

காரணம் 1: உப்புக் காற்றும் ஈரமும்

ரேமின் அடிப்பகுதியில் வரிசையாகத் தங்க நிறத்தில் பட்டைகள் இருக்கும். மதர்போர்டுடன் பேசுவது இந்தப் பட்டைகள் வழியாகத்தான். மேலே இருப்பது உண்மையான தங்கமே. ஆனால் மிக மிக மெல்லிய பூச்சு. கண்ணுக்குத் தெரியாத சின்ன ஓட்டைகள் வழியே ஈரமும் உப்பும் இறங்கினால், அடியில் உள்ள உலோகம் அரிக்கும். நடுவில் தூசி படிந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும்.

மரக்காணம் உப்பளங்களுக்குப் பேர்போன ஊர். கடற்காற்று அடிக்கும் பகுதிகளில் இரும்புக் கேட் சீக்கிரம் துருப்பிடிப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். அதே காற்றுதான் சிபியு பெட்டிக்குள்ளும் போகிறது.

மழைக்காலம் இன்னொரு சோதனை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, பெருமுக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படி வெள்ளம், சாரல், ஓதம் பட்ட வீடுகளில் பலரும் செய்யும் தவறு, கரண்ட் வந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று கம்ப்யூட்டரை ஆன் செய்வது. ஈரம் காயும் முன் மின்சாரம் பாய்ந்தால் ஷார்ட் ஆகும், அரிப்பும் வேகமாகும். அன்றைக்கு ஓடினாலும் சில வாரம் கழித்து நிற்கலாம்.

காரணம் 2: சூடாகி ஆறுவது

ரேமில் உள்ள கறுப்பு சிப்கள் பலகையோடு மிகச்சிறிய ஈயக் குமிழ்களால் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆன் செய்தால் சூடேறி விரியும், ஆஃப் செய்தால் ஆறிச் சுருங்கும். சிப் ஒரு அளவு விரியும், பலகை வேறு அளவு விரியும். நடுவில் மாட்டிக்கொள்வது ஈயக் குமிழ்.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் பட்டென்று ஒடிவது மாதிரி, பல ஆயிரம் முறை விரிந்து சுருங்கியபின் குமிழில் மயிரிழை விரிசல் விழும். ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக்கு அடியிலோ, காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள்ளோ இருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்த வேதனை கூடுதல். 'ஆன் பண்ணினதும் ஓடுது, அரை மணி நேரத்துல நின்னுடுது' அல்லது 'காலையில வரமாட்டேங்குது, சூடானா வருது' என்ற புகார்களுக்குப் பின்னால் பல நேரம் இந்த விரிசல் இருக்கும்.

காரணம் 3: கரண்ட்

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ரேமுக்குத் தேவை டிடிஆர்3 என்றால் 1.5 வோல்ட், டிடிஆர்4 என்றால் 1.2 வோல்ட், டிடிஆர்5 என்றால் 1.1 வோல்ட் மட்டுமே. டிடிஆர்3, டிடிஆர்4 ரகங்களில் இந்தக் குறைப்பைச் செய்வது எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும்.

எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். மலிவானதாகவோ, பழசாகவோ இருந்தால் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் உப்பி, வெளியே வரும் மின்சாரம் அலைபாயும். பலமுறை ரேம் மாற்றியும் பிரச்சினை தீராத கம்ப்யூட்டர்களில் குற்றவாளி எஸ்எம்பிஎஸ்ஸாக இருக்க வாய்ப்பு உண்டு. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவைப்பது பழைய யோசனைதான். ஆனால் இன்னைக்கும் அதைவிட நல்ல யோசனை இல்லை.

காரணம் 4: நம்ம கைதான்

ஏசி அறையின் வறண்ட காற்றில் நம் உடலில் நிலைமின்சாரம் சேரும். இரும்புக் கதவைத் தொட்டதும் 'சுருக்'கென்று இருக்குமே, அதுதான். அந்தச் சுருக்கை நாம் உணர வேண்டும் என்றால் சுமார் 3,000 வோல்ட் இருக்க வேண்டும். சிப்பைக் காயப்படுத்த அதைவிட ரொம்பக் குறைவே போதும்.

அதாவது, நமக்குத் தெரியாமலேயே ரேமுக்கு அடி விழுந்திருக்கும். அது உடனே சாகாது. காயத்தோடு சில மாதம் ஓடிவிட்டு, ஒருநாள் நிற்கும். 'மாட்டும்போது நல்லா இருந்துச்சே' என்பதற்கு இது ஒரு காரணம்.

காரணம் 5: பிறவிக் கோளாறும் பொருந்தாத ஜோடியும்

எலக்ட்ரானிக் பொருட்களுக்குப் பொதுவாக ஒரு குணம் உண்டு. தயாரிப்பில் சின்னக் குறை இருந்தால் முதல் சில மாதங்களிலேயே பழுதாகும். அதைத் தாண்டிவிட்டால் பல வருஷம் ஓடும். பிறகு வயதானதும் மறுபடியும் பழுது கூடும்.

இன்னொரு பக்கம், ஏற்கெனவே இருக்கும் ரேமுடன் வேறு கம்பெனி, வேறு வேக ரேமைச் சேர்த்துப் போடுவது. ஓடலாம், ஓடாமலும் போகலாம். கேமிங் கம்ப்யூட்டர்களில் 'எக்ஸ்எம்பி', 'எக்ஸ்போ' என்ற வசதியால் ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுவார்கள். இதனாலும் பிழை வரும். இந்த இரண்டிலும் ரேம் கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. செட்டிங்கை மாற்றினாலே சரியாகிவிடும்.

சிப்கள் சிறிதாகச் சிறிதாக வேறொரு சிக்கலும் சேர்ந்தது. ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வேகமாகத் தொட்டால் பக்கத்து வரிசையில் உள்ள பிட்கள் புரளும் என்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். அவர்கள் சோதித்த 129 ரேம்களில் 110-ல் இந்தக் குறை இருந்தது. இதன் பெயர் 'ரோஹேமர்'. இது ஹேக்கர்களுக்கும் ஒரு வாசலாக ஆனதால் கம்பெனிகள் தடுப்பு வசதிகளைச் சேர்த்து வருகின்றன.

உண்மையில் இது 'திடீர்' பழுதா?

கூகுள் தன் சர்வர்களில் உள்ள ரேம்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து, டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளருடன் சேர்ந்து 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம்கள் குறைந்தது ஒரு பிழையாவது காட்டின. அதுவரை நினைத்திருந்ததைவிட இது மிக அதிகம். இன்னொரு முடிவு நமக்கு முக்கியம். பிழை காட்டிய ரேம்தான் மறுபடியும் மறுபடியும் பிழை காட்டியது. அதாவது, எங்கிருந்தோ வரும் துகளைவிட, ரேமுக்குள்ளேயே இருக்கும் கோளாறே பெரும்பான்மை.

எனவே பழுது திடீர்னு வருவதில்லை. நமக்குத் திடீர்னு தெரிகிறது, அவ்வளவுதான். 8 ஜிபியில் ஒரு மூலையில் நாலு பிட் கெட்டிருக்கும். அந்த மூலையைக் கம்ப்யூட்டர் தொடாதவரை எல்லாம் சரியாக ஓடும். ஒருநாள் குரோமில் பத்து டேப், பக்கத்தில் ஒரு வீடியோ என்று திறக்கும்போது அந்த மூலை பயன்பாட்டுக்கு வரும். அங்கே சினிமாப் படத்தின் ஒரு புள்ளி இருந்தால் யாருக்கும் தெரியாது. விண்டோஸின் முக்கியமான கட்டளை இருந்தால் நீலத் திரை.

நீலத் திரையைவிட பெரிய ஆபத்து எது?

கம்ப்யூட்டர் நின்றுபோனால்கூட பரவாயில்லை, பழுது இருப்பது தெரிந்துவிடும். நிற்காமல், தப்பான தகவலோடு ஓடிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து.

ஒரு உதாரணம். கணக்கில் 5,000 ரூபாய் என்று பதிவு செய்கிறீர்கள். அந்த எண் ரேமில் இருக்கும்போது 4,096-ஐக் குறிக்கும் ஒரே ஒரு பிட் 1-ல் இருந்து 0 ஆகப் புரண்டால், அது 904 ரூபாய் ஆகிவிடும். நீங்கள் சேவ் கொடுத்தால் 904 என்றே டிஸ்க்கில் பதியும். பேக்கப் எடுத்தால் பேக்கப்பிலும் அதே தப்பு.

கல்யாண ஆல்பத்தில் திறக்காத போட்டோ, பாதியில் பச்சைக் கோடு விழுந்த படம், 'கரப்ட்' என்று காட்டும் எக்செல் ஷீட், புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாளில் திறக்க மறுக்கும் ஃபைல். இவற்றுக்கு எல்லாம் ஹார்டு டிஸ்க் மீதோ, வைரஸ் மீதோ பழி போடுவோம். சில நேரம் உண்மைக் காரணம் ரேமாக இருக்கும்.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தால் தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமத்து வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப், அதில்தான் படிப்பும், வேலை விண்ணப்பமும், கடைக் கணக்கும் என்று இருப்பவர்களுக்கு இந்த அமைதியான பழுது பெரிய இழப்பு.

ரேம் பழுதின் அறிகுறிகள் என்ன?

• ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், ஆனால் ஸ்கிரீனில் எதுவும் வராது. சில கம்ப்யூட்டர்களில் 'பீப் பீப்' சத்தம் வரும்.

• வெவ்வேறு காரணம் காட்டி அடிக்கடி நீலத் திரை. குறிப்பாக 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற வார்த்தை.

• ஒரே சாஃப்ட்வேர் இல்லாமல், பல சாஃப்ட்வேர்கள் தானாக மூடிக்கொள்வது.

• விண்டோஸ் புதிதாக ஏற்றும்போது பாதியில் எரர்.

• 8 ஜிபி போட்டும் 4 ஜிபி என்று காட்டுவது.

இவை வந்தாலே ரேம்தான் என்று முடிவு கட்டவும் கூடாது. எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு ஸ்லாட், ஹார்டு டிஸ்க் ஆகியவையும் இதே மாதிரி நடிக்கும்.

காசு செலவில்லாமல் எப்படி சோதிப்பது?

முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். பழைய பேக்கப் இருந்தால் அதை அழிக்காதீர்கள். புதிய காப்பியிலேயே தப்பு இருக்கலாம்.

அடுத்து, விண்டோஸ் தேடல் பெட்டியில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்பதைத் தேடி ஓடவிடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகித் தானாகவே ரேமைச் சோதிக்கும். இன்னும் ஆழமான சோதனைக்கு 'மெம்டெஸ்ட்86' என்ற இலவச சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் போட்டு, ஒரு இரவு முழுக்க ஓடவிடலாம். ஒரு எரர் வந்தாலும் அலட்சியம் வேண்டாம். எரரே வராவிட்டாலும் நூறு சதவீதம் நல்ல ரேம் என்று அர்த்தமில்லை, வாய்ப்பு குறைவு என்றுதான் அர்த்தம்.

டெஸ்க்டாப் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்துங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். சிபியு பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டு, கையில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். ரேமின் இரு ஓரமும் பிடித்துக் கழற்றுங்கள். தங்கப் பட்டைகளை விரலால் தொட வேண்டாம்.

நம்ம ஊர் மெக்கானிக்குகள் பென்சில் ரப்பரால் பட்டையைத் தேய்ப்பார்கள். மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துகளைத் தட்டிவிட்டால் அழுக்கு போகும். அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சும் சேர்ந்து போய்விடும். உப்புத்தாள் கூடவே கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் கிடைத்தால் அதுதான் நல்ல வழி. ஸ்லாட்டிலும் தூசி, எறும்புக் கூடு இருக்கிறதா பாருங்கள். பிறகு 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். கணிசமான 'ரேம் பழுது' இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். பிறகு அதே ரேமை வேறு ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். எரர் ரேமோடு போனால் ரேம் பழுது. ஸ்லாட்டோடு நின்றால் மதர்போர்டு பழுது. எந்த ரேம் போட்டாலும், எந்த ஸ்லாட்டிலும் எரர் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். கடையில் கொடுக்கும்போதும் இந்தச் சோதனையைக் கண்முன்னே செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

புது ரேம் வாங்கும் முன்

பழைய ரேமுக்கு வாரண்டி இருக்கிறதா பாருங்கள். தனியாக விற்கப்படும் பல பிராண்டு ரேம்களுக்கு நீண்டகால வாரண்டி உண்டு. பில்லும், ரேம் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் பத்திரமாக இருக்க வேண்டும்.

விலை ஏறியிருக்கும் நேரத்தில் பழைய சிப்பைக் கழற்றிப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் நடக்கும். மற்ற கடைகளைவிட பாதி விலை என்றால் உஷார். வாங்கிய அன்றே ஒரு இரவு சோதனை ஓட்டிப் பாருங்கள். பிறவிக் கோளாறு இருந்தால் மாற்றிக்கொள்ளும் காலத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்.

லேப்டாப் வாங்குவோர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "ரேம் ஸ்லாட்டுல மாட்டினதா, போர்டுலயே ஒட்டினதா?" மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். பழுதானால் ரேமை மட்டும் எளிதாக மாற்ற முடியாது. மொபைலும் அப்படித்தான். அதனால் மொபைலில் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனால், முதல் வேலையாக போட்டோ, காண்டாக்ட் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

பிழையைத் தானே திருத்தும் ரேம் இருக்கா?

இருக்கு. அதன் பெயர் 'ஈசிசி' ரேம். 64 பிட் தகவலோடு 8 பிட் சரிபார்ப்புத் தகவலையும் சேர்த்து எழுதும். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு பிட் புரண்டால் எச்சரிக்கும். சர்வர்களில் பெரும்பாலும் இதுதான். விலை அதிகம், அதற்கேற்ற மதர்போர்டும் வேண்டும் என்பதால் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அரிது. டிடிஆர்5 ரேமில் சிப்புக்குள்ளேயே ஒரு திருத்த வசதி இருக்கிறது. ஆனால் அது சிப்புக்கு வெளியே, வழியில் நடக்கும் பிழையைத் திருத்தாது.

மாற்றவே முடியாத இடத்தில் மெமரி பழுதானால்? 1977-ல் ஏவப்பட்ட நாசாவின் வாயேஜர்-1 விண்கலம், 2023 நவம்பரில் புரியாத தகவல்களை அனுப்பத் தொடங்கியது. ஒரே ஒரு மெமரி சிப் பழுது என்று கண்டுபிடித்தார்கள். விண்கலம் இருந்ததோ சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில். ஒரு கட்டளை போய்ச்சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். கெட்ட சிப்பில் இருந்த மென்பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, மெமரியின் வேறு இடங்களில் எழுதச் சொல்லி 2024 ஏப்ரலில் சரிசெய்தார்கள்.

நம் வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. காற்றோட்டமான இடம், நல்ல எஸ்எம்பிஎஸ், முடிந்தால் ஒரு யூபிஎஸ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டல், முக்கியமான ஃபைலுக்கு இரண்டு இடத்தில் காப்பி. நீலத் திரை ஒருமுறை வந்தால் தற்செயல் என்று விடலாம். இரண்டாவது முறை வந்தால் அன்றைக்கு இரவே சோதனையை ஓடவிட்டுவிட்டுத் தூங்குங்கள். ரேம் மாற்றுவதா வேண்டாமா என்பதைக் காலையில் ரிசல்ட்டைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.